பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசையா? சிங்கப்பூரில் முதல் முறை வாங்குபவர்களுக்கு

சிங்கப்பூரில் சாதாரண கார் வாங்கவே நாலு முறை யோசிக்க வேண்டியிருக்கிறது. அதில் இரண்டே இருக்கை உள்ள, இருபது முப்பது வயதான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இந்த ஆசை நம்மவர்கள் நிறையப் பேருக்கு இருக்கிறது, அதிலும் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்களுக்குத்தான். என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள் என்பதால், எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று வரிசையாக எழுதிவைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊருக்கு ஏற்றது எடை குறைந்த, குதிரைசக்தியும் குறைந்த வண்டி. விரைவுச்சாலையில் வேக வரம்பு 80, 90 கிலோமீட்டர். மற்ற சாலைகளில் பெரும்பாலும் 50. முந்நூறு குதிரைசக்தி வண்டியை இங்கே வைத்துக்கொண்டால் இரண்டாவது கியரையே முழுதாக இழுத்து ஓட்ட முடியாது. ஏறக்குறைய 950 கிலோ எடையில் 115 குதிரைசக்தி உள்ள ஒரு சின்ன வண்டியை, ஒரு ரவுண்டானாவில் 40 கிலோமீட்டரில் திருப்பிப் பாருங்கள், ஸ்டீயரிங் வழியாகச் சாலை முழுக்க உங்கள் கைக்கு வந்துவிடும். அந்தச் சுகத்துக்குச் சட்டத்தை மீற வேண்டியதில்லை, பக்கத்து வண்டிக்காரரைப் பயமுறுத்தவும் வேண்டியதில்லை. கீழே நான் சொல்லும் எல்லாமே இந்த ஒரு எண்ணத்திலிருந்து வருவதுதான்.

முதலில் லைசென்ஸும் காப்புறுதியும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவை மேனுவல் கியர். உங்கள் லைசென்ஸ் 3ஏ வகுப்பு என்றால் ஆட்டோ கியர் மட்டும்தான் ஓட்டலாம், மேனுவலுக்கு வகுப்பு 3 வேண்டும். இதைச் சரி செய்துகொண்டு வண்டி தேடுங்கள், வண்டியை வாங்கிப் போட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போக வேண்டாம். ஊரிலிருந்து வேலை அனுமதியில் வந்தவர்கள் ஊர் லைசென்ஸை வைத்து இங்கே 12 மாதம்தான் ஓட்டலாம். அதற்கு மேல் ஓட்ட வேண்டுமானால் அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு எழுதி, சிங்கப்பூர் லைசென்ஸாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு முதல் ஓராண்டு சோதனைக் காலம். அதற்குள் 13 குற்றப்புள்ளிகள் சேர்ந்தால் லைசென்ஸே ரத்தாகிவிடும். சோதனைக் காலம் முடியும்வரை ஏதாவது ஒரு சாதாரண வண்டியை ஓட்டிப் பழகுங்கள் என்றுதான் சொல்வேன்.

காப்புறுதிக்கு, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மூன்று நான்கு நிறுவனங்களில் விசாரியுங்கள். வண்டியின் வயது, திறந்த கூரை, இரண்டு கதவு, உங்கள் வயது, லைசென்ஸ் எடுத்து எத்தனை வருடம் ஆயிற்று, எல்லாவற்றையும் பார்ப்பார்கள். சில இடங்களில் இந்த வயது வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும்தான் கிடைக்கும். அப்படியென்றால் உங்கள் வண்டிக்கு என்ன ஆனாலும் செலவு உங்களுடையது, அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

விலையை எப்படிப் படிப்பது

இங்கே பழைய காரின் விலையில் பெரும்பங்கு இரும்புக்கோ இன்ஜினுக்கோ கொடுப்பதில்லை. வாகன உரிமைச் சான்றிதழில், அதாவது எல்லாரும் சொல்கிற சிஓஇயில், எத்தனை மாதம் பாக்கி இருக்கிறது என்பதற்குத்தான் கொடுக்கிறோம். 1990இல் வந்த திட்டம் இது. ஏலத்தில் விலை எவ்வளவு ஏறி இறங்கும் என்பதற்கு இரண்டு எண்களைச் சொல்கிறேன்: 2008 நவம்பரில் சின்ன கார்களுக்கான ஏ பிரிவுச் சான்றிதழ் 2 வெள்ளிக்கு முடிந்தது, 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு 150,001 வெள்ளியைத் தொட்டது. ஆகவே ‘அப்போது இதே வண்டியை என் நண்பர் பத்தாயிரத்துக்கு வாங்கினார்’ என்ற கதையெல்லாம் உங்களுக்கு உதவாது.

வண்டியின் பத்தாண்டு முடிந்ததும் உரிமையாளர் அதைக் கழிக்கலாம், அதாவது பதிவை ரத்து செய்து உடைக்கக் கொடுக்கலாம், இல்லையென்றால் சிஓஇயைப் புதுப்பிக்கலாம். புதுப்பிப்பதற்குக் கட்ட வேண்டிய தொகை கடந்த மூன்று மாத ஏல விலைகளின் சராசரி. பத்தாண்டுக்குப் புதுப்பித்தால் முழுத் தொகை, ஐந்தாண்டுக்கு என்றால் பாதி. ஆனால் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த வண்டியை மறுபடி புதுப்பிக்க முடியாது, அந்த ஐந்து முடிந்ததும் கழிக்க வேண்டும் அல்லது ஏற்றுமதி செய்ய வேண்டும். வண்டியைப் பார்க்கும்போது விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இது ஐந்தா, பத்தா? எவ்வளவு அழகான வண்டியாக இருந்தாலும் ஐந்தாண்டுப் புதுப்பிப்பு என்றால் அதற்கு முடிவு தேதி குறித்தாயிற்று. நீண்ட நாள் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் பத்தாண்டுப் புதுப்பிப்பையே தேடுங்கள்.

அப்புறம் சின்ன வகுத்தல் கணக்கு. ஒரு வண்டி 60,000 வெள்ளி, ஐந்து ஆண்டு பாக்கி என்று வைத்துக்கொள்வோம், ஆண்டுக்கு 12,000 ஆகிறது. இன்னொன்று 36,000தான், ஆனால் இரண்டு ஆண்டு பாக்கி, ஆண்டுக்கு 18,000. விளம்பரத்தில் மலிவாகத் தெரிகிற இரண்டாவது வண்டிதான் விலை கூடியது. இந்த ஆண்டுத் தேய்மானத்தைத்தான் இங்கே விற்பவர்கள் ‘டெப்ரி’ என்று சொல்வார்கள். புதுப்பித்த வண்டியைக் கழிக்கும்போது பாக்கியுள்ள சிஓஇக்கு உரிய பணம்தான் திரும்பி வரும், பத்தாண்டுக்குள் கழிக்கிற வண்டிக்குக் கிடைக்கிற கூடுதல் தொகை இதற்குக் கிடையாது.

சாலை வரியிலும் வயதுக்கு அபராதம் மாதிரி ஒன்று உண்டு. பத்து வயது தாண்டியதும் 10 விழுக்காடு கூடும், ஒவ்வோர் ஆண்டும் இன்னொரு பத்து ஏறி, 14 வயது தாண்டியதும் 50 விழுக்காட்டில் நிற்கும். 1.6 லிட்டர் இன்ஜினுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 740 வெள்ளி சாலை வரி, வயதான வண்டிக்கு அது 1,110ஐத் தாண்டிவிடும். 2 லிட்டர் என்றால் 1,210 ஆக இருப்பது 1,820 அளவுக்குப் போகும். 660 சிசி வண்டிக்கோ எல்லாம் சேர்த்தும் 500 வெள்ளிக்குள். இந்த வித்தியாசம் வாங்கும் நாளில் கண்ணில் படாது, ஒவ்வோர் ஆண்டும் படும்.

கடன் வாங்குவதாக இருந்தால், வண்டியின் திறந்த சந்தை மதிப்பு (வரியும் சிஓஇயும் சேர்க்காத, இறக்குமதியின்போது கணக்கிட்ட மதிப்பு) 20,000 வெள்ளிக்குள் இருந்தால் விலையில் 70 விழுக்காடு வரை, அதற்கு மேல் என்றால் 60 விழுக்காடு வரை, அதிகபட்சம் ஏழு ஆண்டு. சிஓஇ முடிவதற்குள் கடனும் முடிய வேண்டும். இந்த மாதிரி வண்டிக்குக் கடன் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. கையில் வைத்திருக்கிற பணத்துக்குள் வாங்கி, விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுப் பழுதுக்காகத் தனியாக எடுத்துவையுங்கள்.

35 வயது தாண்டியவை

வெளிநாட்டிலிருந்து பழைய கார் இறக்குமதி செய்ய வேண்டுமென்றால் அது மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஜப்பானில் மலிவாகக் கிடைக்கிற 1998 மாடல் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கொண்டுவரலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில், முடியாது. ஆனால் குறைந்தது 35 வயதான வண்டிகளுக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் தனித் திட்டம் வைத்திருக்கிறது. அதில் சிஓஇ வேண்டாம், பதிலுக்கு ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். வேலைக்குப் போக வர இது உதவாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஓட்டினால் போதும் என்பவர்களுக்கு, ஆண்டில் 52 ஞாயிறு, அதில் மழை நாள்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 45 நாள் தாராளம்.

எனக்கு இதில் பிடித்த செய்தி என்னவென்றால், மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறை 1989இல் வந்தது. அதாவது அந்த முதல் ஆண்டு வண்டிகள் 2024இல் 35ஐத் தொட்டுவிட்டன. இனி ஒவ்வோர் ஆண்டும் தொண்ணூறுகளின் வண்டிகள் ஒவ்வொன்றாக இந்த எல்லைக்குள் வரும். கப்பல் செலவு, இறக்குமதித் தீர்வை, பொருள் சேவை வரி, பதிவுக் கட்டணங்கள், சோதனைக்காகச் செய்ய வேண்டிய பழுது எல்லாவற்றையும் ஆணையத்தின் ‘ஒன்மோட்டரிங்’ இணையத்தளத்தில் உள்ள அன்றைய விதிகளோடு ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். முதல் வண்டியை உள்ளூரிலேயே வாங்குவது நல்லது. இறக்குமதி இரண்டாவது வண்டிக்கு.

எந்த வண்டி?

எம்எக்ஸ்-5ஐ முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எளிமையான இன்ஜின், பின்சக்கர இழுவை, உலகம் முழுக்க உதிரிப்பாகம். முதல் தலைமுறை 1997 வரை, எழுந்து நிற்கும் முகப்பு விளக்குகளோடு; இரண்டாவது தலைமுறை 1998 முதல் 2005 வரை. மாஸ்டா நிறுவனமே ஜப்பானில் முதல் தலைமுறை வண்டிகளைப் புதுப்பித்துக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கி, பல பாகங்களை மறுபடி தயாரிக்கிறது. 14 அங்குல டயருக்குக்கூட ஏற்பாடு செய்தார்கள். முப்பது ஆண்டு பழைய வண்டிக்குத் தயாரித்தவர்களே பாகம் செய்வது எவ்வளவு பெரிய நிம்மதி என்று, வேறு வண்டிக்கு ஒரு ரப்பர் வளையம் தேடி அலைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

டொயோட்டா எம்ஆர்2வும் அதற்குப் பின் 1999இல் வந்த எம்ஆர்-எஸ்ஸும் நல்ல வண்டிகள், இன்ஜின் நடுவில். எம்ஆர்-எஸ் வாங்கினால் ஆரம்ப ஆண்டு இன்ஜின்கள் எண்ணெய் குடிக்கும் என்பதையும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள் இருக்கும், புகையைச் சுத்திகரிக்கும் சின்ன கேட்டலிட்டிக் உடைந்து இன்ஜினுக்குள்ளேயே போகும் பழக்கம் அதற்கு உண்டு என்பதையும் மனதில் வைத்துப் பாருங்கள். மழையில் வளைவின் நடுவே சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் சுழலும் குணம் இந்த வகை வண்டிகளுக்கு உண்டு. நம் ஊர் மழையைச் சொல்ல வேண்டியதில்லை.

நான்கு இருக்கை வேண்டும், மனைவி பிள்ளைகளும் வர வேண்டும் என்றால் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 1.6 மேனுவலுக்கு மேல் நான் எதையும் சொல்ல மாட்டேன். பார்க்கச் சாதுவாக இருக்கும், சாலை வரி தாங்கும், எந்தப் பட்டறையிலும் கை வைக்கத் தெரிந்த ஆள் இருப்பார். ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு டைஹட்சு கோப்பன் 660, கூரை மடங்கும் சின்ன வண்டி. எம்ஜி பி மாதிரி பிரிட்டிஷ் வண்டிகள் மீது ஆசை இருந்தால் கார்புரேட்டரையும், தீப்பொறிக்கான பாயிண்ட்டையும் கையால் சரி செய்கிற ஒரு மூத்த மெக்கானிக்கை முதலில் கண்டுபிடியுங்கள், வண்டி அப்புறம். ஹோண்டா எஸ்2000 பற்றி எல்லாரும் கேட்பார்கள். அற்புதமான இன்ஜின், 9,000 சுற்று வரை போகும். அதன் விலை இப்போது ‘கட்டுப்படியாகும்’ என்ற சொல்லுக்குள் வராது. மாஸ்டா ஆர்எக்ஸ்-8 மலிவாகக் கிடைத்தால் அதற்குக் காரணம் உண்டு. ரோட்டரி இன்ஜினைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால் முதல் வண்டியாக அதை வாங்காதீர்கள்.

பார்க்கப் போகிற நாள்

காலையில் போங்கள், இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினில் வரும் புகையையும் சத்தத்தையும் இன்று பார்க்க முடியாது, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். மழையில் பார்க்காதீர்கள், ஈரத்தில் எல்லா பெயிண்டும் பளபளக்கும். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் டியூப்லைட் வெளிச்சத்திலும் வேண்டாம், வண்டியை வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள், அதனால் வண்டியின் அடி துருப்பிடிக்கும். நமக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே துரு மேலிருந்து வருகிறது, மழைத் தண்ணீர் வெளியேறும் துளைகள் அடைத்துக்கொள்வதால். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் கூரைத் துணியில் வழியும் தண்ணீர் இரண்டு பக்கமும், இருக்கைக்குப் பின்னால், சீட் பெல்ட் தொடங்குகிற இடத்துக்கு அருகே உள்ள துளை வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். இலையும் தூசியும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நின்று, கதவுக்குக் கீழே உள்ள சட்டத்தை உள்ளிருந்து அரிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. நீங்கள் ஒரு சின்ன பாட்டில் தண்ணீர் கொண்டுபோங்கள். விற்பவரிடம் கேட்டுவிட்டு, அந்தத் துளையில் ஒரு கோப்பை அளவு மெதுவாக ஊற்றுங்கள், ஊற்றிவிட்டுக் குனிந்து பாருங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் உடனே சொட்டினால் நல்லது. சொட்டவே இல்லையென்றால் இருக்கைக்குப் பின்னால் உள்ள கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், நாள்பட்ட ஈர வாடை வரும். பின்சக்கர வளைவுக்கு முன்னால் உள்ள கீழ்ச் சட்டத்தைக் கட்டை விரலால் அழுத்துங்கள். நெளிந்தால், அல்லது பெயிண்ட் கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தால், அந்த வண்டி வேண்டாம். இன்ஜினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். உடம்பு போன வண்டியை இந்த ஊர்க் கூலிக்குச் சரிசெய்து கட்டுப்படியாகாது.

அடுத்தது டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு; 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அபூர்வமாக ஓடும் வண்டிகளில் டயர் தேயாது, ஆனால் இறுகிப்போய்விடும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) இல்லாத ஒரு பழைய வண்டி, இறுகிய டயர், மாலை நான்கு மணிக்கு வரும் மழை, மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டு, நான்கு புது டயருக்கான காசை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

கிளட்ச்சை அழுத்தும்போது பஞ்சு மாதிரி இருந்தால் கீழே உள்ள சின்ன கிளட்ச் சிலிண்டர் கசிகிறது என்று அர்த்தம். எம்எக்ஸ்-5களில் இது சர்வசாதாரணம், பெரிய செலவும் இல்லை, பயப்பட வேண்டாம். கூலன்ட் மூடியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே திறந்து பாருங்கள். துருநிறச் சேறு மாதிரி இருந்தால் யாரோ பல ஆண்டு வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். ஏர்கானை முழுதாகப் போட்டுவிட்டு, இருபது நிமிடம் நெரிசலில் ஓட்டி, வெப்ப முள் நகர்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் பழைய வண்டிக்கு உண்மையான பரீட்சை தீவு விரைவுச்சாலையின் மாலை நெரிசல்தான், வளைவுச் சாலை இல்லை. ஓட்டிப் பார்க்கும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: இடித்துவிட்டால் யார் காப்புறுதி?

வண்டியில் என்னென்ன மாற்றியிருக்கிறார்கள், கழற்றிய அசல் பாகங்கள் எங்கே என்பதையும் கேளுங்கள். பத்து வயது தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். சத்தமான எக்ஸாஸ்ட், கறுப்புக் கண்ணாடி, அனுமதியில்லாத விளக்கு எல்லாம் அங்கே மாட்டும். முன்கண்ணாடியிலும் முன்கதவுக் கண்ணாடிகளிலும் 70 விழுக்காடு வெளிச்சம் ஊடுருவ வேண்டும், பின்னால் உள்ளவற்றில் 25. அசல் எக்ஸாஸ்ட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிற உரிமையாளர் பொதுவாக மற்ற விஷயங்களிலும் பொறுப்பானவராக இருப்பார்.

மனதுக்குப் பிடித்துவிட்டால் உடனே பணம் கொடுக்காதீர்கள். விக்காம், எஸ்டிஏ போன்ற சோதனை நிலையங்களில் பழைய கார்களை மதிப்பிட்டு அறிக்கை தருவார்கள், அந்தச் செலவைச் செய்யுங்கள். கூடவே அந்த மாடலைத் தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் காட்டுங்கள், ஏனென்றால் சோதனை நிலையம் பொதுவாகப் பார்க்கும், அவர் குறிப்பாகப் பார்ப்பார்.

கைமாற்றுவது சுலபம். விற்பவரின் கடன் பாக்கி தீர்ந்திருக்க வேண்டும், உங்கள் பெயரில் காப்புறுதி இருக்க வேண்டும், இருவரும் சிங்பாஸ் வழியாக ஒன்மோட்டரிங்கில் உறுதிசெய்ய வேண்டும். பணமும் பெயர் மாற்றமும் ஒரே உட்காரலில் முடியட்டும். சாலைக் கட்டணத்துக்கான புதிய கருவி பொருத்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அதன் ஒரு பெட்டி முன் பயணியின் கால் வைக்கும் இடத்தில் வரும், சின்ன வண்டியில் அது இடத்தை அடைக்கும், தண்ணீர் கசியும் வண்டியில் அதுவே நனையும்.

பட்டறையும் நிறுத்துமிடமும்

காக்கி புக்கிட் ஆட்டோபே, சின் மிங், ஊபி பக்கம் போனால் வரிசையாகப் பட்டறைகள். வாங்கிய வாரத்திலேயே எண்ணெய், கூலன்ட், பிரேக் திரவம், டைமிங் பெல்ட், எல்லா ரப்பர் குழாய்களும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். முன்னால் இருந்தவர் மாற்றினார் என்று சொன்னாலும் ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கும் நல்ல மெக்கானிக் ஒருவர் கழற்றிய பழைய குழாயை என் கையில் கொடுத்து வளைத்துப் பார்க்கச் சொன்னார், வளைத்த இடத்தில் முடி முடியாக வெடிப்பு. வெளியிலிருந்து பார்த்தபோது புதுசு மாதிரி இருந்தது. பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள், காட்டுகிற பட்டறையில் தொடர்ந்து செய்யுங்கள்.

நிறுத்துவதற்குக் கூரையுள்ள இடம் கட்டாயம். வீவக மாதச் சீட்டில் திறந்தவெளிக்கும் கூரையுள்ள இடத்துக்கும் இடையே மாதம் 30 வெள்ளிதான் வித்தியாசம், 80க்கும் 110க்கும். துணிக்கூரை வண்டியை வெயிலில் விட்டால் பின்பக்கப் பிளாஸ்டிக் கண்ணாடி பழுத்து, அப்புறம் வெடிக்கும். அதை மாற்றுகிற காசில் பல மாதம் கூரைக்குக் கீழே நிறுத்தியிருக்கலாம்.

சாலையில் எப்படி இருப்பது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். உங்கள் வண்டி எல்லார் கண்ணிலும் படும். வேறு யாராவது செய்தால் மறந்துவிடுகிற ஒரு சின்ன அத்துமீறலை நீங்கள் செய்தால் ‘அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்’ என்று ஞாபகம் வைத்துக்கொள்வார்கள், வண்டிக் கேமராவிலும் இருக்கும்.

காலையில் புறப்படும்போதே தொடங்குகிறது. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்காதீர்கள். நிறுத்திய வண்டியில் இன்ஜினை வெறுமனே ஓடவிடுவது இங்கே குற்றம், மேலே நான்காவது மாடியில் இரவு வேலை முடித்துத் தூங்குகிறவரும் இருக்கிறார். இன்ஜினுக்கும் அதனால் லாபமில்லை. கிளப்பியதும் நகர்த்தி, முதல் பத்து நிமிடம் 3,000 சுற்றுக்குள் மெதுவாக ஓட்டினால் இன்ஜின் எண்ணெயோடு கியர் எண்ணெயும் சேர்ந்து சூடாகும். நிறுத்துமிடச் சரிவில் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, வளைவுக்கு வளைவு யாராவது பிள்ளையோடு நடந்து வருவார்கள் என்று எதிர்பார்த்தே இறங்குங்கள்.

விரைவுச்சாலையில் வலது தடம் முந்துவதற்கு. முந்தியதும் இடப்பக்கம் வந்துவிடுங்கள். பின்னால் ஒருவர் வேகமாக வந்து ஒட்டினாலும் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலை நமக்கு வேண்டாம், வழி விட்டால் ஐந்து விநாடியில் அவர் போய்விடுவார். தடம் மாறுவதற்கு முன்னால் சிக்னல் போடுங்கள், மாறிக்கொண்டே போடுகிற சிக்னலால் யாருக்கும் உபயோகம் இல்லை. ஒருவர் வழி விட்டால் கையைத் தூக்கிக் காட்டுங்கள். கூரை திறந்த வண்டியில் அந்தக் கை நன்றாகத் தெரியும், அந்த நாள் முழுக்க அவருக்கும் உங்களுக்கும் நல்லபடியாகப் போகும். பேருந்து நிறுத்தத்திலிருந்து வெளியே வரும் இடத்தில் சாலையில் மஞ்சள் பெட்டியும் வழிவிடும் முக்கோணமும் இருந்தால் பேருந்துக்குக் கட்டாயம் வழி விட வேண்டும், இது மரியாதை மட்டுமில்லை, சட்டம். உங்கள் வண்டி தாழ்வானது, பேருந்து ஓட்டுநருக்கும் லாரி ஓட்டுநருக்கும் நீங்கள் தெரியாமலே போகலாம். அவர்களின் இடது பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் கண்ணாடியில் அவர்கள் முகம் உங்களுக்குத் தெரிந்தால்தான் நீங்கள் அவர்களுக்குத் தெரிவீர்கள்.

சைக்கிள்காரர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மண்டாய், லிம் சூ காங், சாங்கி கரையோரச் சாலை எல்லாம் நமக்குப் பிடித்த சாலைகள், சனி ஞாயிறு விடியற்காலை நமக்குப் பிடித்த நேரம். அவர்களுக்கும் அதே சாலை, அதே நேரம். ஒரே தடம் உள்ள சாலைகளையும், பேருந்துத் தட நேரத்தில் அந்தத் தடங்களையும் தவிர மற்ற இடங்களில் இரண்டு பேர் பக்கம் பக்கமாக ஓட்ட அவர்களுக்கு உரிமை இருக்கிறது. முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுங்கள், இடமில்லையென்றால் பின்னாலேயே போங்கள், அரை நிமிடம்தான். பின்னால் போய் ஹாரன் அடிப்பதோ, நெருங்கி நின்று இன்ஜினை உறுமவிடுவதோ கூடவே கூடாது. திடுக்கிட்டு ஒருவர் கைப்பிடியை அசைத்தால் முன்னால் உள்ள நாலு பேரும் சேர்ந்து விழுவார்கள்.

பழைய அப்பர் தாம்சன் சாலைக்கு இந்த ஆர்வம் உள்ள எல்லாரும் ஒரு தடவையாவது போவார்கள். 1961 முதல் 1973 வரை சிங்கப்பூர் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்த சாலை அது, மரினா பேயில் 2008இல் தொடங்கிய இரவுப் பந்தயத்துக்கு ரொம்ப முந்தையது. இன்று பக்கத்தில் தாம்சன் இயற்கைப் பூங்கா. அருகிவரும் கறுப்புக் குரங்கினம் ஒன்று, பட்டை லங்கூர், இந்தச் சாலையைக் கடக்கிறது. மெதுவாகப் போங்கள். மெதுவாகப் போனால்தான் பழைய பந்தயப் பாதையின் வளைவுகள் எப்படி ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன என்பதும் தெரியும், அந்த நாளில் இரண்டு பக்கமும் மரமும் சாக்கடையுமாக இருந்த இடத்தில் அவர்கள் எப்படித்தான் ஓட்டினார்கள் என்ற மலைப்பும் வரும்.

இன்னொரு மாதிரி வண்டிக்காரர் சிக்னலில் பக்கத்தில் நின்று ஆக்ஸிலரேட்டரை அழுத்திக் காட்டினால் சிரித்துக் கையாட்டிவிட்டு உங்கள் பாட்டுக்குப் போங்கள். குடித்திருந்தால் ஓட்டாதீர்கள், ஒரு பீர்தானே என்று கணக்கும் போடாதீர்கள். 24 மாதத்தில் 24 குற்றப்புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் முடக்கப்படும். வண்டியோ கீழே நின்று டெப்ரி ஓடிக்கொண்டே இருக்கும். விபத்து எவ்வளவு சின்னதானாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள்.

கடற்பாலம் தாண்டினால்

பழகிய பிறகு ஜொகூர் பக்கம், கோத்தா திங்கி, தேசாரு என்று போக ஆசை வரும், போங்கள். வாகன நுழைவு அனுமதி முன்பே எடுத்திருக்க வேண்டும், மலேசியா 2025 ஜூலையிலிருந்து அதைக் கண்டிப்பாகப் பார்க்கிறது. புறப்படும்போது டாங்க்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும், இல்லையென்றால் நம் சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பி அபராதமும் போடலாம். பெட்ரோல் முள் சரியாக வேலை செய்யாத பழைய வண்டி என்றால் நிரப்பிய ரசீதைக் கையில் வையுங்கள். அங்கே மானிய விலை ரான் 95 பெட்ரோல் வெளிநாட்டு வண்டிகளுக்குக் கிடையாது, 97தான் போட வேண்டும். ஒரு ரேடியேட்டர் குழாய், இரண்டு கிளிப், ஃபேன் பெல்ட், ஃபியூஸ், இரண்டு லிட்டர் கூலன்ட், ஒரு டார்ச் பூட்டில் இருக்கட்டும். மலேசியாவுக்குள்ளிருந்து வண்டியை இழுத்துவரும் சேவை உங்கள் காப்புறுதியில் சேர்ந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்து, அந்தத் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதி, சூரியத் தடுப்புத் தட்டுக்குப் பின்னால் செருகிவையுங்கள்.